பேக் பட்டனுக்குள் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்: பிரவுசர் பழைய பக்கத்தை விடமாட்டேன் என்கிறது. அதனால் இந்த இதழை அதற்கே கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப், கைப்பேசி பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த இதழில் எல்லாமே தமிழ் எழுத்தில்தான் அச்சாகும். ஹெடர்களின் (பக்கத்தோடு சேர்ந்து போகும் குறிப்பு வரிகளின்) பெயர்களை உங்கள் நிரலில் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது, நான் போட்டிருக்கும் இடைக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வட்டாரத்துத் துணைப்பாட நிலையம் ஒன்றுக்கு, பெற்றோர் மதிப்பெண் பார்க்க ஓர் இணையத்தளம் எழுதிக் கொடுத்தேன். ஜாவா, ஜேஎஸ்பி (ஜாவாவில் பக்கம் எழுதும் முறை), டாம்கேட் (அதை ஓட்டும் சர்வர்). வரவேற்பு மேசையில் எல்லாரும் பயன்படுத்த ஒரு கணினி இருக்கிறது. போன சனிக்கிழமை ஓர் அம்மா பார்த்து முடித்து லாக்அவுட் செய்துவிட்டுத்தான் போனார். அடுத்து உட்கார்ந்தவர் பேக் பட்டனை அழுத்தியதும் முந்தைய பிள்ளையின் தொடக்கநிலை 6 மதிப்பெண்ணும் வீட்டு முகவரியும் திரையில் வந்துவிட்டன. நிலைய உரிமையாளர் என்னோடு பேசுவதில்லை. எல்லா ஜேஎஸ்பி கோப்பிலும் 'சேமிக்காதே' என்று மெட்டா டேக் போட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் வைத்து பேக் பட்டனையே முடக்கிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. என்ன செய்வது? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தம்பி, நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லாக்அவுட் செய்து, பேக் அழுத்தி, பழைய பக்கம் வந்ததும் அதில் உள்ள ஏதாவது ஓர் இணைப்பைத் தட்டுங்கள். லாகின் பக்கம் வந்தால் உங்கள் செஷன் (லாகின் ஆனவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் நினைவு) ஒழுங்காக அழிந்திருக்கிறது, திரையில் தெரிந்தது பிரவுசர் வைத்திருந்த பிரதி மட்டுமே. லாகின் கேட்காமல் அடுத்த பக்கமும் திறந்தால் கதை வேறு. அப்போது அது கேஷ், அதாவது சேமித்து வைத்த பிரதியின், பிரச்சினையே இல்லை, கதவே திறந்து கிடக்கிறது.

இரண்டாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். குறிப்பாக ஜேஎஸ்பியில் ஒரு பொறி உண்டு. ஜேஎஸ்பி பக்கம் ஓடத் தொடங்கும்போதே, செஷன் இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். வேண்டாம் என்று பக்கத்தின் தலையில் சொன்னால்தான் விடும். ஆகவே 'செஷன் இல்லையென்றால் லாகினுக்கு அனுப்பு' என்று எழுதியிருந்தால் அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. செஷன் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். லாகின் ஆனபோது அதற்குள் நீங்கள் வைத்த பயனர் எண் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். லாக்அவுட்டில் அந்த ஒரு மதிப்பை மட்டும் நீக்காமல் இன்வாலிடேட் என்று முழுச் செஷனையும் முடித்துவிடுங்கள்.

சரி, செஷன் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கேஷுக்கு வருவோம்.

பிரவுசருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், வந்த பக்கத்தைச் சேமிக்க அதற்கு உரிமை உண்டு. பேக் அழுத்தும்போது நடப்பது வழக்கமான பக்கத் திறப்பு அல்ல. பயனர் சற்றுமுன் பார்த்ததை அப்படியே திரும்பக் காட்டுவதுதான் பேக் பட்டனின் வேலை என்று பிரவுசர்கள் கருதுகின்றன. அதனால் காலாவதி ஆகிவிட்டதா என்றுகூடப் பார்க்காமல் கையில் இருக்கும் பிரதியைத் தூக்கிப் போடும். நிறையப் பேர் நோ-கேஷ் என்று மட்டும் எழுதிவிட்டு, குரோமில் வேலை செய்யவில்லை என்று புலம்புவது இதனால்தான். நோ-கேஷ் பிரவுசரைச் சேமிக்க விடுகிறது. மறுபடி பயன்படுத்தும் முன் சர்வரிடம் ஒருமுறை கேட்டுக்கொள் என்றுதான் அது சொல்கிறது. பேக் பட்டனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் இல்லை. உங்களுக்கு வேண்டியது நோ-ஸ்டோர். எங்கேயும் எழுதி வைக்காதே என்பது அதன் உத்தரவு.

எனவே போக வேண்டிய ஹெடர் ஒன்றே ஒன்று: கேஷ்-கன்ட்ரோல், அதன் மதிப்பு நோ-ஸ்டோர். இணையத்தில் தேடினால் நோ-கேஷ், நோ-ஸ்டோர், மஸ்ட்-ரீவாலிடேட், மேக்ஸ்-ஏஜ்=0, கூடவே பிராக்மா, எக்ஸ்பைர்ஸ் என்று ஒரு ரயிலே வரும். கெடுதல் இல்லை, ஆனால் இன்று அவற்றில் பெரும்பாலானவை பூசை மந்திரம் போலத்தான் கூட வருகின்றன. பிராக்மா 1996இல் வந்த எச்டிடிபி 1.0 காலத்துச் சரக்கு. அதுவும் பிரவுசர் சர்வருக்குக் கேட்டு அனுப்பும் ஹெடர். சர்வர் பதிலில் அனுப்பினால் என்ன பொருள் என்று யாரும் வரையறுக்கவே இல்லை. கேஷ் விதிகளைச் சொல்லும் இப்போதைய ஆவணம் 2022இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9111. அதில் பிராக்மாவை ஓய்வுபெறச் சொல்லிவிட்டார்கள்.

மெட்டா டேக் ஏன் வேலை செய்யவில்லை? பக்கத்தைச் சேமிப்பதா வேண்டாமா என்பதை ஹெடரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மெட்டா டேக் பக்கத்தின் உள்ளே இருக்கிறது. பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று பக்கங்களைக் கடத்தும் பிராக்சிகள் அந்த எச்டிஎம்எல்லைத் திறந்து படிப்பதே இல்லை, இன்றைய பிரவுசர்களும் கேஷ் விஷயத்தில் அதைப் பொருட்படுத்துவதில்லை. அத்தனை கோப்பிலும் போட்டதை எடுத்துவிடுங்கள், அடுத்து பராமரிக்க வருகிறவராவது குழம்பாமல் இருப்பார். பேக் பட்டனை முடக்கும் ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்தே எடுங்கள். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் அப்போதும் வன்தட்டில் இருக்கும், பேக் பட்டன் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கே எழுதுவது? ஒவ்வொரு ஜேஎஸ்பியிலும் வேண்டாம், ஒரு ஃபில்டர் (கோரிக்கைகள் பக்கத்துக்குப் போகுமுன் கடந்து செல்லும் நிரல்) போதும். பெற்றோர் பக்கங்கள் இருக்கும் பாதைக்கு மட்டும் அதைப் பொருத்துங்கள். ஹெடர் வைக்கும் வரி, செயின்.டூஃபில்டர் என்று அழைக்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் சில பக்கங்களில் வேலை செய்யும், சில பக்கங்களில் செய்யாது, தலை சுற்றும். காரணம் இதுதான்: ஜேஎஸ்பி எழுதும் எச்டிஎம்எல் ஒரு தற்காலிக இடத்தில் சேர்கிறது, அதன் அளவு குறைந்தது 8 கேபி. நீங்கள் மாற்றாவிட்டால் டாம்கேட்டிலும் அவ்வளவுதான். அது நிரம்பி வழிந்த கணத்தில் ஹெடர்கள் கிளம்பிப் போய்விடுகின்றன. அதற்கப்புறம் நீங்கள் வைக்கும் ஹெடரை டாம்கேட் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிழைச் செய்திகூட வராது. மதிப்பெண் பட்டியல் நீளமாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் கசியும், குறைவாக இருக்கும் பிள்ளைக்குக் கசியாது. இப்படி ஒரு பிழையைத் தேடி நடு இரவு வரை உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. டாம்கேட்டின் சொந்தப் பாதுகாப்பு அமைப்பில், வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் காவல் போட்ட பக்கங்களுக்கு அது தானாகவே ஒரு கேஷ்-கன்ட்ரோல் வைக்கும். அதன் மதிப்பு ப்ரைவேட். நடுவில் இருக்கும் பிராக்சி சேமிக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள், பயனரின் பிரவுசர் தாராளமாகச் சேமிக்கலாம். 'ஹெடர் ஏற்கெனவே இருக்கிறதே' என்று அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் ஃபில்டரில் ஆட்ஹெடர் போடாமல் செட்ஹெடர் போடுங்கள், பழையதை அடித்து எழுதும்.

செய்து முடித்ததும் குரோமில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பிரிசர்வ் லாக் என்ற பெட்டியில் டிக் போட்டுக்கொள்ளுங்கள். 'கேஷை முடக்கு' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் சோதனையே பொய். லாகின், மதிப்பெண், லாக்அவுட், பேக். மதிப்பெண் பக்கத்துக்குப் புதிதாக ஒரு கோரிக்கை போய், 302 (வேறு பக்கத்துக்குப் போ என்ற பதில்) வந்து, லாகினுக்குத் திரும்ப வேண்டும். அளவு என்ற நெடுவரிசையில் டிஸ்க் கேஷ் என்று தெரிந்தால் ஹெடர் போய்ச் சேரவில்லை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் அட்டையைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வைத்திருப்பீர்கள். அந்த மேசைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஒரு வாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே வரிசையாக இருப்பார்கள். பயனர் தானாகச் சேமித்த கோப்பை எந்த ஹெடராலும் திரும்ப வாங்க முடியாது. அந்தக் கணினியில் விருந்தினர் கணக்கு ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் எல்லாம் அழிகிற மாதிரி அமையுங்கள். அல்லது அந்தக் கணினியையே எடுத்துவிட்டு, பெற்றோர் தங்கள் கைப்பேசியில் பார்க்கட்டும் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கேள்வி: ஜாவா எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் பிஎச்பி, நண்பர் ஒருவர் ஜாங்கோ. எங்களுக்கு என்ன வழி? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கலாம். பிஎச்பியில் செஷன் தொடங்கினாலே, நீங்கள் மாற்றாத வரை, நோ-ஸ்டோர் உள்ள ஹெடரை அதுவே அனுப்பிவிடும். கூடவே எக்ஸ்பைர்ஸில் 1981 நவம்பர் 19, வியாழன் என்று ஒரு தேதி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கடந்துபோன ஏதோ ஒரு நாள் வேண்டும் என்பதற்காக வைத்தது. யாராவது செஷன் கேஷ் லிமிட்டரை 'பப்ளிக்' என்று மாற்றி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஜாங்கோவில் அந்த வியூவின் தலையில் நெவர்_கேஷ் போட்டால் முடிந்தது. ஸ்பிரிங் செக்யூரிட்டி வைத்திருப்பவர்களுக்கு அது எதுவும் கேட்காமலேயே வந்துவிடுகிறது. ஏஎஸ்பி.நெட் கோர் என்றால் ரெஸ்பான்ஸ்கேஷ் என்ற குறிப்பில் நோஸ்டோரை ட்ரூ ஆக்குங்கள்.

கேள்வி: நோ-ஸ்டோர் போட்டுவிட்டேன், நெட்வொர்க் பகுதியில் பார்த்தும்விட்டேன், ஹெடர் சரியாகப் போகிறது. ஆனாலும் கைப்பேசியில் சில நேரம் பேக் அழுத்தினால் பழைய பக்கம் வருகிறது. எங்கிருந்து எடுக்கிறது? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: அதன் பெயர் பிஎஃப்கேஷ். கோப்பாக எதையும் சேமிப்பதில்லை. நீங்கள் வேறு பக்கம் போகும்போது, முந்தைய பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் உட்பட அப்படியே உறைய வைத்து நினைவகத்தில் நிறுத்திக்கொள்கிறது. பேக் அழுத்தியதும் உருக்கி எடுத்துக் காட்டுகிறது. சர்வருக்கு ஒரு கோரிக்கைகூடப் போகாது. ஃபயர்ஃபாக்ஸில் 2005இல் வந்தது. சஃபாரியிலும் வெகுகாலமாக இருக்கிறது. கணினிக் குரோமில் 2021இல் 96ஆம் பதிப்போடு வந்து சேர்ந்தது.

நோ-ஸ்டோர் போட்ட பக்கத்தை உறைய வைக்கக் கூடாது என்பதே குரோமில் முதலில் இருந்த வழக்கம். பிறகு கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். இப்போது அப்படிப்பட்ட பக்கத்தையும் குறுகிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் இடையில் அந்தத் தளத்தின் குக்கி (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) மாறினால் தூக்கி எறிந்துவிடும். இதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. லாக்அவுட் ஆகும்போது செஷனைச் சர்வரில் மட்டும் கொன்றுவிட்டுக் குக்கியை அப்படியே விடும் நிரல்கள் நிறைய உண்டு. அந்தக் குக்கியையும் சர்வரே நீக்கட்டும்: அதே பெயர், அதே பாதை, மேக்ஸ்-ஏஜ் 0. பாதை ஓர் எழுத்து மாறினாலும் நீங்காது.

மற்ற பிரவுசர்களையும் சேர்த்துப் பிடிக்க, பக்கத்தில் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் வையுங்கள். பேஜ்ஷோ நிகழ்வு வரும்போது அதில் பெர்சிஸ்டட் என்ற மதிப்பு ட்ரூவாக இருந்தால், பக்கம் உறைநிலையிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். உடனே ரீலோட். சர்வர் லாகினுக்கு அனுப்பிவிடும். ஒரு நொடி பழைய பக்கம் பளிச்சிடலாம். அது பொறுக்காது என்றால், பக்கத்தை விட்டுப் போகும் பேஜ்ஹைட் நிகழ்விலேயே ரகசியமான பகுதியைத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள், திரும்ப வரும்போது வெற்றிடம்தான் தெரியும்.

லாக்அவுட் பதிலில் கிளியர்-சைட்-டேட்டா என்ற ஹெடரையும் சேர்க்கலாம். மதிப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் அது வேலை செய்யாது, இதில் வழுக்குகிறவர்கள் அதிகம். எச்டிடிபிஎஸ் வேண்டும். எல்லாப் பிரவுசரும் எல்லா மதிப்பையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை என்பதால் இதைக் கூடுதல் காவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஆர்டர் பார்க்கும் தளத்தில் நேற்று ஒரு வாடிக்கையாளர் லாகின் செய்தால் வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் ஆர்டர்களும் தெரிந்தன. பேக் பட்டன் எதுவும் இல்லை, நேராகவே! பக்கம் மெதுவாக இருக்கிறது என்று சென்ற வாரம்தான் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை வைத்து கேஷ் போட்டோம். பெயர் வேண்டாம், அக்கா. (வாசகர், ஈசூன்)

பதில்: பெயர் போடவில்லை, ஆனால் இந்த இதழைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் என்ஜின்எக்ஸின் அந்த கேஷை நிறுத்துங்கள், அதன் கோப்புறையைக் காலி செய்யுங்கள், எல்லாருடைய செஷனையும் ரத்து செய்யுங்கள். அப்புறம் படியுங்கள்.

மேலே எழுதியவர்களின் பிரச்சினை ஒரே கணினியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இடையே. உங்களுடையது தீவு முழுவதற்கும் பொதுவான கேஷ். என்ஜின்எக்ஸ் இயல்பாகவே நல்ல பிள்ளை. பின்னால் இருக்கும் சர்வர் ப்ரைவேட், நோ-கேஷ், நோ-ஸ்டோர் என்று சொன்னால் சேமிக்காது. பதிலில் செட்-குக்கி (குக்கியை வைக்கும் ஹெடர்) இருந்தாலும் சேமிக்காது. அப்படியானால் எப்படிச் சேமித்தது? உங்கள் கட்டமைப்புக் கோப்பில் பிராக்சி_இக்னோர்_ஹெடர்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 'கேஷ் பிடிக்கவே இல்லை' என்று யாராவது தேடி, முதலில் கிடைத்த பதிலை ஒட்டியிருப்பார்கள். கேஷ்-கன்ட்ரோலையும் செட்-குக்கியையும் கண்டுகொள்ளாதே என்று அந்த வரி சொல்கிறது. கூடவே 200 என்ற எண்ணோடு வரும் வெற்றிப் பதில்களைப் பத்து நிமிடம் வை என்று இன்னொரு வரி இருக்கும்.

சேமித்ததை எடுக்கும் சாவி, இயல்பு நிலையில், நெறிமுறை, பின்னால் இருக்கும் சர்வரின் பெயர், கேட்ட முகவரி ஆகிய மூன்றும்தான். குக்கி அதில் இல்லை. ஆகவே 'என் ஆர்டர்கள்' என்ற முகவரியை முதலில் யார் திறந்தாரோ, அடுத்த பத்து நிமிடத்துக்கு எல்லாருக்கும் அவருடைய ஆர்டர்தான். செட்-குக்கியும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டாமவருக்கு முதலாமவரின் செஷன் குக்கியே போய்ச் சேர்ந்திருக்கும். அவர் பக்கத்தைப் பார்த்ததோடு நிற்காமல், முதலாமவராகவே உள்ளே நுழைந்திருப்பார். செஷன்களை ரத்து செய்யச் சொன்னது அதனால்தான்.

லாகினுக்குப் பின்னால் இருக்கும் பாதைகளில் பிராக்சி_கேஷை ஆஃப் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த இக்னோர் வரியை நீக்குங்கள். நிரலிலிருந்து நோ-ஸ்டோர் வரட்டும். என்ஜின்எக்ஸிலேயே ஹெடரைச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். ஆட்_ஹெடர் வரியின் கடைசியில் ஆல்வேஸ் போடாவிட்டால் 403, 500 போன்ற பதில்களுக்கு அது போகாது. பிழைப் பக்கத்திலும் பயனரின் பெயர் இருக்கலாம் அல்லவா? அடுத்து, உள்ளே இருக்கும் ஒரு லொக்கேஷன் பகுதியில் வேறு ஏதாவது ஆட்_ஹெடர் எழுதினால், மேலே எழுதியவை எதுவும் அங்கே இறங்கி வராது. பாதுகாப்பு ஹெடர் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தவர் அறியாமலே நோ-ஸ்டோரைக் காணாமல் ஆக்கிவிடுவார்.

பக்கம் மெதுவாக இருந்தது என்றீர்களே, அந்த மூலப் பிரச்சினையை டேட்டாபேஸில் தேடுங்கள். ஒருவருக்கு மட்டுமே உரிய பக்கத்தைப் பொது கேஷில் வைத்து வேகம் வாங்க முடியாது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், வெளியே சொல்ல வேண்டுமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இன் 24ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள தகவலுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளை நிறுவனம் செய்ய வேண்டும் என்கிறது. நோ-ஸ்டோர் என்ற பெயரெல்லாம் சட்டத்தில் இருக்காது. 2021 பிப்ரவரி 1 முதல், சம்பந்தப்பட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு வரக்கூடிய கசிவையும், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதிக்கும் கசிவையும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்க வேண்டிய வகைதான் என்று மதிப்பிட்டு முடித்த பின் மூன்று நாள்காட்டி நாள்கள்தான் அவகாசம், சனி ஞாயிறும் அதில் சேரும். ஆகவே பதிவேடுகளை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தளத்தில் பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் நோ-ஸ்டோர் போட்டுவிட்டார் எங்கள் தொண்டூழியர். இப்போது பொங்கல் விழாப் படங்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து இறங்குகின்றன. எம்ஆர்டியில் திறந்தால் அடுத்த நிலையமே வந்துவிடுகிறது. அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். (வாசகி, செங்காங்)

பதில்: அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், கோபம் என்மேல் திரும்பட்டும். யார் பார்த்தாலும் ஒன்றாகவே இருக்கும் பொருள்களுக்கு நோ-ஸ்டோர் தேவையில்லை: படம், எழுத்துரு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். அவற்றுக்கு நேர்மாறாக மேக்ஸ்-ஏஜ் 31536000 கொடுங்கள், அதாவது ஓராண்டுக்கான நொடிகள், கூடவே இம்மியூட்டபிள் (இது மாறவே மாறாது என்ற குறிப்பு). கோப்பு மாறினால் என்ன செய்வது என்று அவர் கேட்பார். கோப்பின் பெயரிலேயே உள்ளடக்கத்திலிருந்து பிறந்த நாலைந்து எழுத்துகளைச் சேர்த்துவிட்டால், உள்ளடக்கம் மாறும்போது பெயரும் மாறும், பிரவுசர் புதியதைத்தான் கேட்கும்.

நோ-ஸ்டோர் உறுப்பினர் பட்டியல், சந்தா விவரம், ஆள் பார்த்து மாறும் பக்கங்களுக்கு மட்டும். விழா அறிவிப்புப் பக்கம் எல்லாருக்கும் பொது, ஆனால் அடிக்கடி மாறும். அதற்கு நோ-கேஷ் சரியான பொருத்தம். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று ஒரு வரி பதிலோடு முடித்துக்கொள்ளும், மாறியிருந்தால் மட்டும் முழுப் பக்கமும் வரும்.

கேள்வி: நோ-ஸ்டோர் போட்டதிலிருந்து எங்கள் பதிவுப் படிவத்தில் புதுத் தொல்லை. பாதி நிரப்பிவிட்டு ஒரு பக்கம் பின்னால் போய் வந்தால் எல்லாம் காலி. வயதானவர்கள் திட்டுகிறார்கள். அனுப்பிய பிறகு பின்னால் போனால் 'படிவத்தை மறுபடி அனுப்பவா' என்று பிரவுசர் பயமுறுத்துகிறது. (வாசகர், பிடோக்)

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலாவது நோ-ஸ்டோருக்கு நாம் கொடுக்கும் விலை. பக்கத்தைச் சேமிக்காதே என்றால் அதில் தட்டச்சு செய்ததையும் பிரவுசர் மறந்துவிடும். ஆறேழு பக்கம் நீளும் படிவத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரிலேயே வரைவாகச் சேமித்துக்கொண்டு, திரும்ப வரும்போது நிரப்பிக் கொடுங்கள். வேலை கூடுதல்தான், வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கூடவே 'முந்தைய பக்கம்' என்று கண்ணில் படும்படி ஒரு பட்டன் வையுங்கள். வயதானவர்கள் பிரவுசரின் அம்புக்குறியைத் தேட மாட்டார்கள்.

இரண்டாவது, போஸ்ட் கோரிக்கைக்கு நீங்கள் நேரடியாக எச்டிஎம்எல் பக்கத்தைப் பதிலாகக் கொடுப்பதால் வருகிறது. படிவத்தைப் பெற்று, டேட்டாபேஸில் எழுதி முடித்ததும் பக்கம் எதுவும் காட்டாதீர்கள். 303 கொடுத்து 'பதிவு முடிந்தது' பக்கத்துக்கு அனுப்புங்கள். பிரவுசர் அதை கெட் ஆகத் திறக்கும், வரலாற்றில் போஸ்ட் தங்காது, பயமுறுத்தலும் நிற்கும். கட்டணம் வாங்கும் படிவம் என்றால் 303 மட்டும் போதாது. படிவத்தோடு ஒருமுறைக்கான எண் ஒன்றை அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் நிராகரியுங்கள். அவசரக்காரர்கள் சமர்ப்பி பட்டனை இருமுறை தட்டுவதை எந்த ஹெடரும் தடுக்காது.

கேள்வி: எனக்கு நிரல் எதுவும் தெரியாது, ஓய்வு பெற்றவன். பொதுக் கணினியில் வங்கிக் கணக்கு, மருத்துவச் சந்திப்பு எல்லாம் பார்க்கிறேன். தளம் எழுதியவர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? (வாசகர், தோ பாயோ)

பதில்: ஐயா, தெரிய வழியில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. தனிப்பட்ட சாளரம் என்று ஒன்று எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது, குரோமில் இன்காக்னிட்டோ என்பார்கள். அதில் திறந்து, வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்து, அப்படிப்பட்ட எல்லாச் சாளரங்களையும் மூடிவிடுங்கள். மூடினால்தான் சேமித்தது அழியும், திறந்தே விட்டுவிட்டு எழுந்தால் பயனில்லை. இறக்கிய கோப்புகளை அது அழிக்காது, அவற்றை நீங்கள்தான் அழிக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்கை மட்டும், முடிந்தால், உங்கள் சொந்தக் கைப்பேசியில் பாருங்கள் ஐயா. பொதுக் கணினியில் விசைகளை வேவு பார்க்கும் மென்பொருள் இருந்தால் இன்காக்னிட்டோவும் காப்பாற்றாது.

கேள்வி: தள முகவரியை மாற்றியபோது பழைய முகப்பை 301 கொடுத்துப் புதிய பக்கத்துக்குத் திருப்பினேன். இப்போது முகப்பையே திரும்பக் கொண்டுவர வேண்டும். சர்வரில் அந்த வரியை எடுத்துவிட்டேன். என் கைப்பேசியில் சரியாகத் திறக்கிறது, முதலாளியின் மடிக்கணினி மட்டும் புதிய பக்கத்துக்கே ஓடுகிறது. (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: 301 நிரந்தரம் என்று சொன்னீர்கள், அவருடைய பிரவுசர் நம்பிவிட்டது. பழைய முகவரியைத் தட்டினால் அது சர்வரிடம் வருவதே இல்லை, நினைவில் வைத்திருப்பதைப் பார்த்து நேராகப் புதிய பக்கத்துக்குப் போகிறது. நீங்கள் சர்வரில் எதை மாற்றினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. புதிய பக்கத்திலிருந்து பழையதற்குத் திருப்பிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள், அவர் பிரவுசர் இரண்டுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி, கடைசியில் பிழை காட்டும். முதலாளியின் மடிக்கணினியில் அந்தத் தளத்துக்கான கேஷை அழியுங்கள். வெளியில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்காக, புதிய பக்கத்தில் கொஞ்ச காலத்துக்குப் பழைய முகப்பின் உள்ளடக்கத்தையே காட்டுங்கள். அடுத்த முறை உறுதியாகத் தெரியும்வரை 302 போடுங்கள். 301தான் வேண்டும் என்றால் அதோடு கேஷ்-கன்ட்ரோல் மேக்ஸ்-ஏஜ் 3600 சேர்த்துவிடுங்கள், மனம் மாறினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.